கடிகாரக்காரர் கண்ட ரீல்! விமானத்துக்குப் பிறந்த ராடு! பாஸ் தூண்டில் ரகசியங்கள் தெரியுமா?

ஒரு மீனைப் பிடிக்க எத்தனை தூண்டில் வேண்டும்? ஒன்று என்கிறீர்களா? அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிக்கும் போட்டிக்குக் கிளம்புகிறவரின் படகை எட்டிப் பாருங்கள். பத்து, பதினைந்து ராடுகள் வரிசையாகப் படுத்திருக்கும்! ஒவ்வொன்றிலும் ஒரு ரீல். ரீலுக்கு ரீல் வேறு நரம்பு. மீன் என்னவோ ஒரே மீன்தான்!

அப்படி என்ன பெரிய மீன் அது? லார்ஜ்மவுத் பாஸ் என்று பெயர். பெயருக்கேற்ற வாய்! அது இரையைக் கடிப்பதே இல்லை, தெரியுமா? வாயைத் திடீரென்று விரிக்கும். தண்ணீரோடு சேர்த்து இரையை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்! ‘இது ரப்பர் புழு’ என்று தெரிந்துவிட்டால் அதே வேகத்தில் துப்பியும் விடும். அதற்குள் உங்கள் கைக்குச் சேதி வந்தாக வேண்டும். ராடும் ரீலும் பார்த்துப் பார்த்து வாங்குவது இதற்காகத்தான்!

வேறு தொழில்காரர்கள் செய்த ரீல்கள்!

பாஸ் ரீலுக்கு மூதாதை எது தெரியுமா? சுமார் 200 வருஷங்களுக்கு முன் கென்டக்கி மாநிலத்தில் ஒருவர் செய்த பித்தளை ரீல். அவர் பெயர் ஜார்ஜ் ஸ்னைடர். தொழில்? கடிகாரம் செய்வது! ஊர் பாரிஸ். பிரான்ஸுக்குப் போய்விடாதீர்கள், கென்டக்கியிலும் ஒரு பாரிஸ் உண்டு!

கைப்பிடியை ஒரு தடவை சுற்றினால் உருளை பல தடவை சுற்ற வேண்டும். அதற்குப் பொடிப் பொடியாகப் பல்சக்கரங்கள் வேண்டும். அந்தக் காலத்தில் அதைக் கச்சிதமாக அறுக்கத் தெரிந்தவர் யார்? கடிகாரக்காரர்தானே! அவரைத் தொடர்ந்து ரீல் செய்து பேர் வாங்கிய கென்டக்கி மீக்கும் கடிகாரக்காரரே!

ஷேக்ஸ்பியர் ரீல் செய்தார் என்றால் நம்புவீர்களா? நாடகம் எழுதியவர் இல்லை! மிச்சிகன் மாநிலம் கலமசூ ஊரைச் சேர்ந்த வில்லியம் ஷேக்ஸ்பியர் ஜூனியர். நிஜப் பெயரே அதுதான்! நரம்பு உருளையில் ஒரே பக்கம் குவியாமல், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து நடந்து சீராகச் சுற்ற வைக்கும் வழியைக் கண்டுபிடித்து 1897இல் கம்பெனி தொடங்கினார். இன்று கடையில் எந்த பெய்ட்காஸ்டிங் ரீலை எடுத்தாலும் முன்னால் ஒரு சின்ன வளையம் இடம் வலமாக ஓடுகிறதே, அதே சங்கதிதான்!

சுவீடனின் ஸ்வாங்ஸ்டா ஊரில் 1921இல் தொடங்கிய ஆபு கம்பெனி முதலில் என்ன செய்தது? கடிகாரம்! அப்புறம்? டாக்சி மீட்டர்! உலகப் போர் வந்தது. டாக்சி மீட்டர் வாங்க ஆளில்லை. சக்கரம் அறுக்கும் கைகள் சும்மா இருக்குமா? ரீலுக்குத் திரும்பின. 1952இல் அவர்கள் வெளியிட்ட சிவப்பு நிற அம்பாசடர் 5000, பாஸ் பிடிப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடும் ரீல். டாக்சி மீட்டர்க்காரர்கள் செய்தது!

அதே 1921இல் ஜப்பானின் சகாய் நகரத்தில் ஷோசாபுரோ ஷிமானோ ஒரு பட்டறை போட்டார். ரீலுக்கா? இல்லை, சைக்கிளின் பின்சக்கரத்தில் டிக் டிக் என்று ஓடுமே, அந்த ஃப்ரீவீலுக்கு! மீன்பிடிப் பிரிவு 1970இல்தான் வந்தது. இன்று சைக்கிள் கியர், பாஸ் ரீல் இரண்டிலும் ஷிமானோ பெயர் இல்லாத நாடு குறைவு!

பிரான்ஸில் மிட்செல் ரீல் செய்த க்ளூஸ் ஊர்க் கம்பெனியா? கடிகாரப் பாகம் செய்தவர்கள்! இங்கிலாந்தில் 1905இல், வீசும்போது உருளை சுற்றாத ஸ்பின்னிங் ரீலுக்குக் காப்புரிமை வாங்கிய இல்லிங்வொர்த்தா? கம்பளி மில் முதலாளி! மில்லில் நூல் கண்டு அசையாமல் நிற்க, நூல் மட்டும் உருவிக்கொண்டு போவதைப் பார்த்தவர்.

வெடிகுண்டுக் கம்பெனி ரீல்!

இதுதான் உச்சம்! ஓக்லஹோமாவின் டல்சா நகரில் ‘ஜீரோ அவர் பாம் கம்பெனி’ என்று ஒன்று இருந்தது. எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களுக்கு நேரம் வைத்து வெடிக்கும் குண்டு செய்வது அதன் வேலை. 1940களின் கடைசியில் ஆர்.டி. ஹல் என்ற டெக்சாஸ்காரர் ஒரு விநோதமான ரீல் யோசனையோடு கம்பெனி வாசலில் வந்து நின்றார். அவர் தொழில் என்ன என்று நினைக்கிறீர்கள்? ஆமாம், கடிகாரக்காரர்!

மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறவர் ஆடாத கண்டிலிருந்து நூலைச் சரசரவென்று உருவுவதைப் பார்த்துத் தோன்றிய யோசனை அது. 1949இல் அந்த ரீல் விற்பனைக்கு வந்தது. குண்டுக் கம்பெனியின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கிப் பாருங்கள்: ஜெப்கோ! சின்னப் பிள்ளைகள்கூட பட்டனை அமுக்கி வீசலாம் என்பதால், கோடிக் கணக்கான அமெரிக்கர்களுக்கு முதல் ரீலே ஜெப்கோதான்.

ஜனாதிபதி ஐசனோவருக்கு ஒரு ரீல் பார்சல் போனதாகவும், உறையில் ‘பாம் கம்பெனி’ என்று இருந்ததைப் பார்த்துக் காவலர்கள் அதைத் தண்ணீரில் முக்கிவிட்டதாகவும் ஒரு கதை உலவுகிறது. கதையோ நிஜமோ, அத்தோடு கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டது என்பார்கள்!

நிமிடத்துக்கு 12,000 சுற்று!

பெய்ட்காஸ்டிங் ரீல் ராடின் மேலே உட்காரும். ஸ்பின்னிங் ரீல் கீழே தொங்கும். இது தெரிந்ததுதான். வீசும்போது என்ன நடக்கிறது, தெரியுமா?

ஒரு கணக்குப் போடுவோமா? இரையை 50 மீட்டர் தூரம் வீச வேண்டும். காற்றுத் தடையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இரை மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்ப வேண்டும்! பெய்ட்காஸ்டிங் ரீல் உருளையின் விட்டம் 34 மில்லிமீட்டர் என்றால், ஒரு சுற்றுக்கு வெளியே போகும் நரம்பு 107 மில்லிமீட்டர்தான். அப்படியானால் நொடிக்கு 200 சுற்றுக்கு மேல்! நிமிடத்துக்கு 12,000! நெடுஞ்சாலையில் போகும் கார் எஞ்சினே 3,000 சுற்றைத் தாண்டினால் அதிகம்!

இரை வேகம் குறைந்த பிறகும் உருளை அதே வேகத்தில் சுற்றினால்? நரம்பு முழுக்கச் சிக்கிக் குருவிக்கூடு கட்டிவிடும். பிரித்து எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்! இதைத் தடுக்கத்தான் ரீலுக்குள் காந்தம் வைக்கிறார்கள். காந்தம் உருளையைத் தொடுவதே இல்லை. தொடாமலே பிரேக் பிடிக்கிறது!

இதற்கும் மேலே ஒன்று உண்டு. ஷிமானோவின் டி.சி. ரீலுக்குள் குட்டிக் கம்ப்யூட்டர்! நொடிக்கு 1,000 தடவை உருளையின் வேகத்தைப் பார்த்துப் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கிறது. பேட்டரி எங்கே? கிடையாது! உருளை சுற்றுகிற சுற்றிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்கிறது! வீசும்போது ‘உய்ய்ய்ங்’ என்று ஒரு சத்தம் வேறு.

ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது உருளை சுற்றவே சுற்றாது. ஆகவே இந்தக் குருவிக்கூடும் இல்லை. 7 கிராமுக்குக் குறைந்த இரை என்றால் அதுதான் லாயக்கு. என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் ஸ்பின்னிங் வாங்குவதே மேல். கம்ப்யூட்டர் ரீல் எங்கே போய்விடப் போகிறது?

பெட்டியில் 7.1:1 என்று போட்டிருக்கிறதே, என்ன அது? கைப்பிடி ஒரு சுற்று, உருளை 7.1 சுற்று! ஒரே சுற்றில் முக்கால் மீட்டர் நரம்பு திரும்பி வந்துவிடும். 10:1ஐத் தாண்டிய ரீல்களும் உண்டு! ஆழத்துக்கு முங்கும் கிராங்க்பெய்ட் இரைக்கு மட்டும் 5:1 போல நிதானமானது போதும். அதை வேகமான ரீலில் இழுத்துப் பாருங்கள், தோள்பட்டை விட்டுப்போகும்!

இன்னொரு விசித்திரம்! ஸ்பின்னிங் ரீலின் கைப்பிடியைக் கழற்றி எந்தப் பக்கமும் மாட்டலாம். பெய்ட்காஸ்டிங்கில் முடியாது, வாங்கும்போதே வலமா, இடமா என்று சொல்லியாக வேண்டும். வலக்கைக்காரர் பலர் வலக்கையால் வீசிவிட்டு, ராடை இடக்கைக்கு மாற்றி, மறுபடி வலக்கையால் சுற்றுவார்கள்! ஒவ்வொரு வீச்சுக்கும் இந்தக் கைமாற்று!

மூங்கில் போய் விமானம் வந்தது!

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் நல்ல தூண்டில்கோல் செய்ய மூங்கில் எங்கிருந்து போனது, தெரியுமா? நம் கல்கத்தாவிலிருந்து! மூங்கிலைப் பிளந்து, ஆறு பட்டைகளாக இழைத்து, ஒட்டிக் கோலாக்குவார்கள். அப்படிச் செய்த முன்னோடிகளில் ஒருவரான சாமுவேல் பிலிப், பென்சில்வேனியாவில் துப்பாக்கி செய்தவர்! பிறகு சீனாவின் டோங்கின் மூங்கில் வந்து கல்கத்தாவை ஓரங்கட்டியது. 1950இல் கொரியப் போர். சீனாவோடு வியாபாரமே கூடாது என்றது அமெரிக்கா. டோங்கின் மூங்கிலும் நின்றது! ஆனால் அதற்குள் கண்ணாடியிழை ராடு கடைக்கு வந்துவிட்டது. கொண்டுவந்த கம்பெனி? ஷேக்ஸ்பியர்!

அடுத்தது கார்பன். 1960களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் வலிமையான கார்பன் இழை தயாரிக்கும் வழி கண்டார்கள். எதற்கு? விமானத்துக்கு! 1973இல் ஃபென்விக் கம்பெனி அந்த இழையில் ராடே செய்துவிட்டது! நல்ல கார்பன் ராடில், அடியில் கிடக்கும் கூழாங்கல்லை இரை உரசுவதுகூடக் கைக்குத் தெரியும்.

ஆனால் ஜாக்கிரதை! கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், தெரியுமா? மின்கம்பிக்குக் கீழே தூக்காதீர்கள் என்று ராடிலேயே எச்சரிக்கை அச்சடிக்கிறார்கள். இடி மின்னலில் ராடைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் வேண்டாம்!

கண்ணாடியிழை அத்தோடு ஒழிந்ததா? அதுதான் இல்லை! மூன்று கிளை முள் தொங்கும் கிராங்க்பெய்ட்டுக்கு இன்றும் கண்ணாடியிழை ராடைத் தேடி வாங்குகிறார்கள். ஏன்? விறைப்பான ராடு வெடுக்கென்று இழுத்தால் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். மெத்தென்று வளையும் ராடுதான் மீனைத் தக்கவைக்கும். தண்ணீர் மேல் மிதக்கும் தவளைப் பொம்மை இரைக்கு நேர் எதிர்! அல்லி இலைக் காட்டுக்குள் வாய் வைத்த மீனைக் கொடி, செடியோடு பிடுங்க வேண்டும். அதற்கு ‘ஹெவி’ ராடு, 50 முதல் 65 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு!

ராடின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்திருக்கிறீர்களா? ‘பவர்’ என்றால் வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. ‘ஆக்‌ஷன்’ என்றால் எந்த இடத்தில் வளைகிறது என்பது. ஃபாஸ்ட் என்றால் நுனி மட்டும். மாடரேட் என்றால் பாதி வரை. ஒரே ஒரு ராடுக்குத்தான் காசு இருக்கிறதா? 7 அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்!

ராடு நீளத்தால் ஒரு சண்டையே நடந்தது, தெரியுமா? 1970களில் கலிபோர்னியாவின் டீ தாமஸ் 12 அடிக் கோலைத் தூக்கிக்கொண்டு கோரைக்குள் இரையை இறக்கி மீனை அள்ளினார். மற்றவர்கள் கொதித்தார்கள். போட்டியில் 8 அடிக்கு மேல் கூடாது என்று விதி வந்தது! அவர் அசந்தாரா? ஏழரை அடி ராடிலேயே அந்த வித்தையைச் செய்து காட்டினார். ‘ஃப்ளிப்பிங்’ என்று இன்று உலகமே அதைச் செய்கிறது. விதி பிற்பாடு 10 அடியாகத் தளர்ந்தது!

கைப்பிடியில் தக்கை இருக்கிறதா? அது போர்ச்சுகல் நாட்டு ஓக் மரத்தின் பட்டையாக இருக்கலாம். அந்த மரத்துக்கு 25 வயது ஆன பிறகுதான் முதல் பட்டை உரிப்பார்கள். அடுத்தது 9 வருஷம் கழித்து. நயமான தக்கை மூன்றாவது உரிப்பில்தான்! கூட்டிப் பாருங்கள்: 43 வருஷம்! உங்கள் ராடின் பிடி உங்களைவிட மூத்ததோ என்னவோ!

குண்டு துளைக்காத நரம்பு!

பின்னல் நரம்பு எதில் ஆனது, தெரியுமா? குண்டு துளைக்காத சட்டை செய்யும் அதே வகை இழை! தண்ணீரில் மிதக்கும். ஃப்ளூரோகார்பன் நரம்போ மூழ்கும். தண்ணீருக்குள் தங்கூஸ் என்ற நைலான் நரம்பைவிடக் குறைவாகவே கண்ணுக்குப் படும். ஒளியை வளைக்கும் எண் தண்ணீருக்கு 1.33, ஃப்ளூரோகார்பனுக்கு 1.42, நைலானுக்குச் சுமார் 1.53. பாருங்கள், எவ்வளவு கிட்டே வந்துவிட்டது! ஒன்று நினைவிருக்கட்டும்: தவளைப் பொம்மைக்கு மூழ்கும் நரம்பைப் போடாதீர்கள். தவளையின் மூக்கையே கீழே இழுத்துவிடும்!

ராடு வாங்கினால் மீன் வளரும் என்றால் நம்புவீர்களா? 1950இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி, ரீல் விற்றால் 10 சதவீத வரி! ராடுக்கும் உண்டு, ஆனால் 10 டாலருக்கு மேல் போகாது. அந்தப் பணம் மாநிலங்களுக்குப் போய் மீன்வளத்தைப் பெருக்கச் செலவாகிறது.

பாஸ் பிடிக்கும் போட்டிக்காரர்கள் பக்கம் வருவோம். 1971இல் முதல் பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டி. 24 பேரை விமானத்தில் ஏற்றினார்கள். எந்த ஏரி? யாருக்கும் தெரியாது! நடுவானில்தான் சொன்னார்கள்: நெவாடாவின் மீட் ஏரி! எந்த ராடு, எந்த இரை என்று யோசித்து மூட்டை கட்டவே வழியில்லை! பாபி மரே ஜெயித்தார். பரிசு 10,000 டாலர்!

சரி, உலகத்திலேயே பெரிய பாஸ்? ஜார்ஜியா மாநிலத்தில் 20 வயது விவசாயி ஜார்ஜ் பெர்ரி 1932 ஜூன் 2இல் பிடித்தது. 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 10 கிலோவுக்கு மேல்! அவரும் கூட்டாளியும் போனபோது இருவருக்கும் சேர்த்துக் கையில் ஒரே ஒரு பொம்மை இரைதான் என்பார்கள். பதினைந்து ராடுக்காரர்கள் கவனிக்க!

77 வருஷம் கழித்து, 2009இல், ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த பாஸ் 22 பவுண்டு 4.97 அவுன்ஸ். பெர்ரி மீனைவிடச் சுமார் 27 கிராம் கூடுதல்! சாதனை முறிந்ததா? இல்லை! 2 அவுன்ஸாவது, அதாவது 57 கிராமாவது, கூட இருந்தால்தான் செல்லும் என்பது விதி. அதனால் சமன்! அதற்கே குரிதாவைப் பொய் கண்டறியும் கருவியில் உட்கார வைத்தார்கள். தேறிவிட்டார்!

பெர்ரியின் அந்த உலக சாதனை மீன் எந்த மியூசியத்தில் இருக்கிறது என்று கேட்கிறீர்களா? எங்கேயும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள்!