குக்கி ஏன் பரந்துபோகிறது?

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாகாணத்தில், விட்மன் என்னும் ஊரில் டோல் ஹவுஸ் விடுதியை நடத்திவந்த ரூத் வேக்ஃபீல்ட் அம்மையார் 1930களில் உருவாக்கிய சாக்லேட் சிப் குக்கி, இன்று எத்தனையோ இல்லங்களில் வேகும் பண்டமாயினும், தடித்து மிருதுவாய் வரவேண்டிய அது தட்டையாய்ப் பரந்து மொறுமொறுத்துவிடுவதன் காரணத்தை ஆராய்வோர் சிலரே.

காரணம் பெரும்பாலும் வெண்ணெயில் இருக்கிறது. வெண்ணெயோ ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுகிறது. மாவைத் தாங்கி நிறுத்த வேண்டிய முட்டையின் புரதம் 60 டிகிரியைக் கடந்த பின்னரே இறுகத் தொடங்குகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சில நிமிஷங்களில்தான் குக்கியின் உருவம் நிர்ணயமாகிறது. ஆகையால், பிசைந்த மாவை உயரமான உருண்டைகளாக்கி, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரமேனும், பொறுமையுள்ளவர்கள் ஓர் இரவு முழுவதுமே, வைத்திருந்து, முன்னரே 180 டிகிரிக்குச் சூடேற்றிய ஓவனில் இட்டால், உள்ளிருக்கும் வெண்ணெய் முற்றும் இளகி ஓடுமுன் விளிம்பு இறுகிவிட, நடுப்பாகம் உயர்ந்தே நிற்கும். என் அபிப்பிராயத்தில், இந்தக் காத்திருப்புக்கு ஈடான உபாயம் வேறில்லை.

மிருதுத்தன்மைக்குத் துணைபுரிவது பழுப்புச் சர்க்கரை. அதிலுள்ள வெல்லப்பாகு ஈரத்தைப் பற்றிவைக்கும் சுபாவமுடையது. சிறிது அமிலமும் உடையதாதலால், சமையல் சோடாவுடன் கூடிக் கரியமில வாயுவைத் தோற்றுவித்து மாவை உப்பச் செய்கிறது.

விளிம்பு பொன்னிறமாகி, நடுப்பாகம் இன்னும் வேகாததுபோல் தோன்றும்போதே தட்டை வெளியே எடுத்துவிட வேண்டும்; தட்டில் தங்கிய உஷ்ணமே எஞ்சிய வேலையை முடித்துவிடும்.