நாய்க்குட்டிகளின் முதல் மூன்று வாரங்கள்

ஆட்டுப்பட்டியையும் களத்தையும் இரவில் காக்கும் நாய் குடியானவர்களுக்கு அரிய துணையாகும். இராஜபாளையம், கோம்பை முதலிய நம் நாட்டு ஜாதிகளைப் பெருக்க விரும்புவோர், பிறந்த குட்டியின் உடல் வளரும் விதத்தை அறிந்திருத்தல் அவசியம். பால்குடி மறக்குமுன் இறக்கும் குட்டிகளிற் பெரும்பாலானவை முதல் மூன்று வாரங்களிலேயே இறக்கின்றன.

பெட்டை நாய் சினைப்பட்டுச் சுமார் 63 நாட்களில் ஈனும். பிறந்த குட்டிக்குக் கண்ணும் காதும் மூடியிருக்கும். மோப்பத்தையும் தாயின் உடற்சூட்டையும் கொண்டே அது காம்பைத் தேடி ஊர்ந்து செல்கிறது. மலஜலம் கழிப்பதும் தாய் நக்கிவிடுவதனாலேயே நடைபெறும். இவை எல்லாவற்றினும் முக்கியமானது, தன் உடலைத் தானே சூடாக வைத்துக்கொள்ளும் சக்தி அதற்கு இல்லை என்பதாம். முதல் வாரத்தில் அது குளிரால் நடுங்கவும் அறியாது. வளர்ந்த நாயின் உடற்சூடு பாரன்ஹீட் 101 அல்லது 102 டிகிரியாக இருக்க, இளங்குட்டிக்கு 95 முதல் 97 டிகிரி வரையே இருக்கும்.

ஆகவே, குளிர்ந்து சோர்ந்து கிடக்கும் குட்டிக்கு உடனே பாலூட்ட முற்படுவது தவறு. உடல் குளிர்ந்தால் குடல் வேலை செய்யாது. புகட்டிய பால் செரியாமல் தங்கும். அல்லது மூச்சுக்குழலில் இறங்கி உயிரைப் போக்கும். முதலில் குட்டியைத் துணியிற் பொதிந்து மார்போடு அணைத்தோ, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியின் அருகில் வைத்தோ மெள்ளச் சூடேற்ற வேண்டும். நெருப்பருகே வைத்து விரைவிற் சூடேற்றலாகாது. சூடு திரும்பி, வாயில் வைத்த விரலைச் சப்பத் தொடங்கிய பின்னரே தாயின் காம்பில் விடவேண்டும்.

தாயின் சீம்பாலை முதல் 24 மணி நேரத்திற்குள், கூடியவரை விரைவில், ஒவ்வொரு குட்டியும் குடிக்குமாறு பார்த்துக்கொள்க. அதிலுள்ள நோய் தடுக்கும் சத்தைக் குடல் பின்னர் ஏற்பதில்லை. வலிய குட்டிகள் எளியதைத் தள்ளிவிடுமாதலால், எளிய குட்டியைத் தனியே எடுத்துக் குடிக்கச் செய்தல் நலம். நாய்ப்பாலிற் புரதமும் கொழுப்பும் பசும்பாலைவிட ஏறக்குறைய இரு மடங்கு உண்டு. எனவே, பசும்பாலில் நீர் கலந்து புகட்டினால் குட்டிக்குப் போதிய போஷணை கிடையாது.

தினந்தோறும் ஒரே நேரத்தில் குட்டியைத் தராசில் நிறுத்துப் பார்ப்பது சிறந்த சோதனை. 8 முதல் 10 நாட்களில் பிறந்த எடை இரட்டிக்க வேண்டும். எடை குறைந்துகொண்டே வந்தால் தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் காட்டுக. கண்கள் 10 முதல் 14 நாட்களுக்குள்ளும், காதுகள் அதன்பின் சில நாட்களிலும் தாமே திறக்கும். விரலால் இமைகளைப் பிரிக்கலாகாது. தாயிடமிருந்து குடற்புழுக்கள் குட்டிகளைப் பற்றுமாதலால், இரண்டு வாரமானதும் மருத்துவரைக் கேட்டு மருந்து கொடுக்க வேண்டும். மூன்றாம் வாரத்தில் குட்டி தள்ளாடி நடக்கும். பாற்பற்களும் முளைக்கத் தொடங்கும். அப்பொழுது குழைவான உணவைச் சிறிது சிறிதாகப் பழக்கலாம்.

காற்றுப்படாத ஒரு மூலையும், உலர்ந்த வைக்கோலும், பழைய சாக்கும் எவ்வீட்டிலும் கிடைப்பவை. ஈனுவதற்கு முன்பே இவற்றைச் சித்தப்படுத்தி, நனைந்த படுக்கையை அன்றன்றே மாற்றிவந்தால், குளிரால் மடியும் குட்டிகள் பலவற்றைக் காப்பாற்றலாம்.