தட்டில் தேறிய வெங்காயம்

96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு அது. சில குழிகளில் திரவம் பளிச்சென்று மஞ்சளாகிறது. சிலவற்றில் வெளிறி நிற்கிறது. ஆய்வாளரின் கண் தேடுவது வெளிறிய குழிகளை. அங்கே சேர்த்த தாவரப் பொருள் அலர்ஜியைத் தடுத்திருக்கலாம்.

குழிக்குள் இருப்பவை ஆர்.பி.எல்.-2எச்3 என்ற எலி செல்கள். நம் மூக்கிலும் தோலிலும் உள்ள மாஸ்ட் செல்களைப் போல இவையும் ஹிஸ்டமின் பைகளைச் சுமப்பவை. முதலில் ஐ.ஜி.இ. எதிர்ப்பொருளைச் சேர்த்தால் அது செல்லின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் பிளேவனாய்டு என்ற தாவரப் பொருளைக் கலந்து, சற்று நேரம் விட்டு, ஒவ்வாப்பொருளை ஊற்றுவார்கள். பிளேவனாய்டு தடுக்காவிட்டால் உடனே பைகள் திறந்து உள்ளதைக் கொட்டும். ஹிஸ்டமினோடு பீட்டா-ஹெக்சோசமினிடேஸ் என்ற நொதியும் வெளியே வரும். அதை அளப்பது சுலபம். மஞ்சள் நிறம் அதன் கைவரிசைதான்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. பிளேவனாய்டுகள் பலவும் தாமே மஞ்சள் நிறத்தவை. அந்த நிறத்தைக் கழிக்காமல் கணக்குப் போட்டால் கணக்கு தப்பும். சேர்த்த பொருள் நொதியையே முடக்கினாலும் குழி வெளிறும். செல்கள் முன்பே செத்திருந்தாலும் வெளிறும். இதற்கெல்லாம் தனிக் குழிகள் ஒதுக்காத ஆய்வறிக்கையை நான் நம்புவதில்லை.

வெங்காயத்தில் நிறைய உள்ள குவெர்செட்டின் என்ற பிளேவனாய்டு இந்தத் தேர்வில் நன்றாகவே தேறுகிறது. ஆனால் தட்டில் ஊற்றுவது பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோமோலார் வரை. வெங்காயம் சாப்பிட்டவரின் ரத்தத்தில் 1 மைக்ரோமோலார் சேர்வதே அரிது; அதுவும் குடலும் கல்லீரலும் உருமாற்றிய வடிவில்தான் கிடைக்கும். குவெர்செட்டின் கேப்சூல் விளம்பரங்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

இதற்கு நேர்மாறான கதையும் இருக்கிறது. எகிப்திய நாட்டு மருந்துச் செடி ஒன்றிலிருந்து கிடைத்தது கெல்லின். பிளேவனாய்டுகளுக்குத் தூரத்து உறவு. அதன் வேதியமைப்பைப் பின்பற்றி இங்கிலாந்தில் புதுச் சேர்மங்கள் செய்தார்கள். அவற்றைச் சோதித்த மருத்துவர் ரோஜர் ஆல்டூனியன் தாமே ஆஸ்துமாக்காரர். தமக்கு ஒவ்வாத கினிப்பன்றி முடிச் சாற்றை வேண்டுமென்றே மூச்சில் இழுத்து, மூச்சுத் திணறலை வரவழைத்து, ஒவ்வொரு சேர்மமாக முயன்று பார்த்தார். 1965இல் குரோமோகிளைகேட் அகப்பட்டது. பல ஆண்டுகள் ஆஸ்துமா குழந்தைகளுக்குக் கைகொடுத்த மருந்து. அதே குரோமோகிளைகேட்டை ஆர்.பி.எல். செல்கள் அவ்வளவாக மதிப்பதில்லை. அன்று அந்தத் தட்டு மட்டுமே தேர்வாளராக இருந்திருந்தால், இந்த மருந்து முதல் சுற்றிலேயே கழிந்திருக்கும்.