கணக்கேடும் கம்பித் தூரிகையும்

என் பையில் எப்போதும் ஒரு கால்குலேட்டரும் ஒரு ஜோடி கம்பித் தூரிகைகளும் இருக்கும். நான் ஓவியம் படிக்கவில்லை. கணக்கியல், இரண்டாம் ஆண்டு. ஜாஸ் டிரம்ஸ் வாசிப்பவர்கள் ஸ்னேர் டிரம்மின் மேல் தேய்த்து வாசிக்கும் ‘பிரஷ்’தான் அது.

உயர்நிலைப் பள்ளி இசைக்குழுவில் ஒட்டிக்கொண்ட ஆசை. அதற்கு முன்பே சில ஆண்டுகள் மிருதங்கம் கற்றிருந்தது கைகொடுத்தது. ‘தகிட’ என்று சொல்லிப் பாருங்கள். நடுவிலுள்ள ‘கி’யை மனத்துக்குள் விழுங்கிவிட்டு மற்ற இரண்டை மட்டும் தட்டுங்கள். அந்த ஊஞ்சல் அசைவுதான் ‘சுவிங்’. வலக்கை அதை சிம்பலில் வாசிக்க, இடக்கால் இரண்டாம், நான்காம் தட்டுகளில் ஹை-ஹேட்டை மூடவேண்டும். சொல்வது எளிது. எனக்கு ஓராண்டு பிடித்தது.

சென்ற ஆண்டு ஒரு பாடத்தில் நான் தேறவில்லை. “டிரம்ஸ வித்துடலாமாம்மா?” என்று அம்மா கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அமைதியாகக் கேட்டதுதான் உறுத்தியது. இணையத்தில் விற்பனைக்குப் போடப் படமும் எடுத்துவிட்டேன்.

அந்த வாரத்தில்தான் சார்லி வாட்ஸைப் பற்றிப் படித்தேன். உலகம் அவரை ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ ராக் குழுவின் டிரம்ஸ் கலைஞராக அறியும். ஆனால் 1941ல் லண்டனில் பிறந்த அவருக்கு முதல் காதல் ஜாஸ்தான். சிறு வயதில் சிக்கோ ஹாமில்டன் பிரஷ்ஷால் வாசித்ததைக் கேட்டு மயங்கி, தன் பாஞ்சோவின் கழுத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, வட்டமான உடலை ஸ்னேர் டிரம்மாக்கிக்கொண்டார். ஓவியக் கல்லூரியில் படித்தார். விளம்பர நிறுவனத்தில் வரைகலை வேலை பார்த்துக்கொண்டே மன்றங்களில் வாசித்தார். சாக்சஃபோன் மேதை சார்லி பார்க்கரைப் பற்றிச் சிறுவர் புத்தகம் போல ஒன்றை எழுதிப் படமும் வரைந்தார்.

1963ல் ரோலிங் ஸ்டோன்ஸில் சேர்ந்து, 2021ல் மறையும்வரை அவர்களுடனேயே இருந்தார். அவ்வளவு பெரிய வேலை! ஆனாலும் ஜாஸை விடவில்லை. 1986ல் 30க்கும் மேற்பட்ட கலைஞர்கள் கொண்ட சொந்த ஜாஸ் குழுவின் இசைத்தட்டை வெளியிட்டார். பிறகு ஐவர் குழு. பிறகு பத்துப் பேர் குழு. அந்தப் பத்துப் பேருடன் லண்டனின் ரோனி ஸ்காட்ஸ் மன்றத்தில் வாசித்த பதிவு 2004ல் வந்தது. விளையாட்டரங்குகளில் ராக் வாசித்தபோதும் இடக்கைக் குச்சியைப் பழைய ஜாஸ் பாணியில், உள்ளங்கை மேல்நோக்கத்தான் பிடித்தார்.

அவர் கோடீஸ்வரர், 30 பேரைச் சேர்த்துக் குழு அமைக்கலாம். என்னிடம் இருப்பது வீவக வீட்டில் ஒரு மூலை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் 45 வயதை நெருங்கியபோதும் ஜாஸ் அவருக்காகக் காத்திருந்ததே! எனக்கு 20தான்.

படத்தை அழித்தேன். டிரம்ஸ் போர்வைக்குள் போனது. தேர்வுக் காலம் முழுவதும் இரவு 9 முதல் 9.30 வரை காலி அட்டைப்பெட்டியின் மேல் பிரஷ் பயிற்சி மட்டும். அட்டையில் ‘ஷ்ஷ்’ என்ற ஒலி அசல் போலவே கேட்கும், முயன்று பாருங்கள். அந்தப் பாடத்தை மீண்டும் எடுத்துத் தேறினேன். பெருமைப்படும்படியான மதிப்பெண் இல்லை.

போன மாதம் மின்தூக்கியில் எதிர்வீட்டு மக்சிக், சத்தமே வருவதில்லையே, நிறுத்திவிட்டாயா என்று கேட்டார். இல்லை, இப்போது அட்டைப்பெட்டியில் வாசிக்கிறேன் என்றேன். சிரித்தார். மறுநாள் காலை எங்கள் வாசலில் ஒரு பெரிய காலி அட்டைப்பெட்டி இருந்தது.