இடுப்பு டிஸ்க் பிதுங்கல்: திறந்த அறுவையா, சிறுதுளை அறுவையா?

நடவு, களையெடுப்பு, அறுவடை, மூட்டை தூக்குதல் என்று உழவுத் தொழிலில் இடுப்பு வளையாத வேலை கிடையாது. குனிந்து பாரம் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்வதும், பிறகு வலி பிட்டத்தில் இறங்கித் தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை சுண்டி இழுப்பதும் கிராமங்களில் பலருக்கு உள்ள தொல்லை. ஸ்கேன் எடுத்தவுடன் 'டிஸ்க் பிதுங்கியிருக்கிறது' என்கிறார்கள். அறுவை என்றால் திறந்து செய்வதா, சிறுதுளையிட்டுச் செய்வதா என்ற கேள்வியும் எழுகிறது. சிறுதுளை அறுவைக்குப் பல இடங்களில் செலவு கூடுதல். அதற்காகக் கறவை மாட்டை விற்கவும், நகையை அடகு வைக்கவும் துணிவோர் உண்டு. அதற்கு முன் சில விவரங்களை அறிந்துகொள்வது அவசியம்.

வலி ஏன் வருகிறது?

இடுப்புப் பகுதியில் 5 முதுகெலும்புகள் உள்ளன. எலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருப்பது டிஸ்க். இதன் வெளிப்புறம் உறுதியான நார் வளையம்; உள்ளே கூழ் போன்ற பொருள். வளையம் கிழிந்தால் கூழ் வெளியே பிதுங்கிக் காலுக்குச் செல்லும் நரம்பை அழுத்தும். இடுப்பின் கடைசி இரண்டு டிஸ்க்குகளிலேயே இது பெரும்பாலும் நிகழ்கிறது. கால் குடைச்சலுக்கு இப்பிதுங்கல் காரணமாகலாம் என்பதை 1934-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டர், பார் ஆகியோர் தெளிவுபடுத்தினர்.

எல்லோருக்கும் அறுவை வேண்டுமா?

வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் வலி தானே தணிகிறது. பிதுங்கிய பகுதி நாளடைவில் சுருங்குவதும் உண்டு. வலி மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் உண்டு, பாரம் தூக்காமல், இயன்ற மட்டும் நடமாட வேண்டும். வாரக்கணக்கில் படுத்தே கிடப்பது நல்லதல்ல.

நெதர்லாந்து நாட்டில் 6 முதல் 12 வாரங்கள் கடுமையான கால்வலியால் அவதிப்பட்ட 283 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2007-இல் வெளிவந்தது. உடனே அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி விரைவில் குறைந்தது. காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குப் பின்னர் அறுவை தேவைப்பட்டது. ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் நூற்றுக்கு 95 பேர் குணமடைந்திருந்தனர்.

இரண்டு முறைகள்

திறந்த அறுவையில் முதுகின் நடுவே தோலைக் கீறி, தசையை எலும்பிலிருந்து விலக்கி, தேவையானால் எலும்பில் சிறிது நீக்கி, நரம்பை அழுத்தும் டிஸ்க் துண்டை எடுப்பர். 1977 முதல் நுண்ணோக்கியின் துணையால் இக்கீறல் வெகுவாகச் சிறியதாகிவிட்டது. சிறுதுளை முறையில் தசையை வெட்டாமல் விலக்கி ஒரு குழாயைச் செலுத்தி, அதன் வழியே அதே துண்டை எடுப்பர். எண்டோஸ்கோப் முறையில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த துளையே போதும். வழிதான் வேறு, செய்யும் வேலை ஒன்றே.

எது மேல்?

ஒரே வயலில் இரண்டு இரகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பயிரிட்டு ஒப்பிடுவது போல, இம்முறைகளையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். நெதர்லாந்தில் 328 பேரிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், குழாய் முறையில் நூற்றுக்கு 69 பேரும், வழக்கமான முறையில் 79 பேரும் ஓராண்டில் நல்ல குணமடைந்ததாகக் கூறினர். 613 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான மற்றொரு ஆய்வில், எண்டோஸ்கோப் முறை கால்வலியைக் குறைப்பதில் நுண்ணோக்கி முறைக்குத் தாழ்ந்ததல்ல என்று தெரிந்தது. சிறுதுளை முறையில் தழும்பு சிறிது. பலர் விரைவில் வீடு திரும்பலாம். ஆனால் அதில் கைத்தேர்ச்சி பெற நீண்ட பயிற்சி வேண்டும். எனவே துளையின் அளவைவிட, அம்முறையில் மருத்துவருக்குள்ள பழக்கமே முக்கியம். எம்முறையிலும் சிலருக்கு டிஸ்க் மீண்டும் பிதுங்கலாம்.

காத்திருக்கக் கூடாத நேரம்

சிறுநீர் கழிக்க முடியாமை, சிறுநீரோ மலமோ அறியாமல் வெளியேறுதல், உட்காரும் இடத்திலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போதல் ஆகியவை ஏற்பட்டால் அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பாதத்தைத் தூக்க முடியாமல் கால் இழுபட்டாலும் தாமதிக்கக் கூடாது. அறுவடை முடியட்டும் என்று இருந்தால் நிரந்தர ஊனம் நேரலாம்.

செய்ய வேண்டியவை

அவசரம் இல்லாதவர்கள், அறுவை தேவைப்பட்டால், வேலை குறைந்த பருவத்தில் செய்துகொள்ளலாம். அதன் பின் மருத்துவர் அனுமதிக்கும்வரை பாரம் தூக்குதல், குனிந்து வேலை செய்தல், டிராக்டர் ஓட்டுதல் கூடாது. கடன் வாங்குமுன் அரசு மருத்துவமனையிலும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இச்சிகிச்சை கிடைக்குமா என விசாரிக்கவும்.

யூரியா மூட்டையின் எடை 2018 முதல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைக்கப்பட்டது. ஆயினும் ஒருவர் இடுப்புக்கு அது பெரும் பாரமே. இருவர் சேர்ந்து, முழங்காலை மடக்கி, மூட்டையை உடலோடு ஒட்டித் தூக்கவும். தூக்கியபடி இடுப்பைத் திருப்ப வேண்டாம். ஏர்க்காலைப் பேணும் உழவர், தம் இடுப்பையும் பேணுவது நலம்.