கடலடியில் ஒரு கணக்குப் புத்தகம்

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா மன்னார் வளைகுடாவில் பாசி எடுப்பவர். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, காலில் தகடு கட்டிக்கொண்டு முங்கி மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும் பிடுங்கி வருவார். அந்தப் பணத்தில்தான் என் செமஸ்டர் ஃபீஸ். மலருக்குக் கட்டுரை கேட்டதும் வேறு தலைப்பு தேடவில்லை.

கடலில் உலோகக் கழிவு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பாட்டில் தண்ணீர் போதாதா? போதாது. ராத்திரி வாய்க்காலைத் திறந்துவிட்டு விடியும்முன் மூடிவிட்டால், மத்தியானம் எடுத்த பாட்டில் சுத்தமாகத்தான் இருக்கும். மேலும் காரீயமும் காட்மியமும் தண்ணீரில் மிகச் சொற்பம். பாட்டிலைச் சரியாகக் கழுவாவிட்டால் அந்த அழுக்கே அளவைக் கெடுத்துவிடும். செடி அப்படியல்ல. இருந்த இடத்தைவிட்டு ஓடாது, ராவும் பகலும் உறிஞ்சும். தண்ணீரில் உள்ளதைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேலும் சில உலோகங்களைத் தன்னுள் சேர்த்து வைக்கும்.

கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகளின் செல் சுவரில் ஆல்ஜினேட் உண்டு. ஐஸ்கிரீமுக்கும் துணி அச்சுக்கும் கம்பெனிகள் தேடுவது இதைத்தான். இதிலுள்ள கார்பாக்சில் தொகுதி கால்சியத்தை விட்டுவிட்டுக் காரீய அயனியைப் பிடித்துக்கொள்ளும். கடின நீரை மென்னீராக்கும் பாடத்தில் படித்த அதே அயனிப் பரிமாற்றம்! பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. ஆகவே அது சொல்வது தண்ணீரின் கதை. எங்க ஊர்ல தாழை என்று சொல்லும் கடல்புல் வேறு ஜாதி. அது பூக்கிற செடி. இலை தண்ணீரிலிருந்தும் வேர் சேற்றிலிருந்தும் எடுக்கும். இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

நான் அசந்துபோனது இத்தாலிக் கதையில். டஸ்கனி கடற்கரையில் ரோசிஞ்ஞானோ என்ற ஊரில் பாதரச முறையில் காஸ்டிக் சோடா செய்த ஆலை இருந்தது. (நாம் பரீட்சைக்கு வரைந்து தள்ளும் அதே மெர்க்குரி செல்தான்.) மத்தியதரைக் கடலில் வளரும் பொசிடோனியா என்ற கடல்புல்லில், இலை உதிர்ந்த பிறகும் அடிமடல் தண்டிலேயே பல ஆண்டு ஒட்டியிருக்கும். மடலின் தடிமன் வருஷத்துக்கு ஒரு சுற்று கூடிக் குறையும். மர வளையம் எண்ணுவதுபோல் எண்ணினால் எந்த மடல் எந்த வருஷத்தது என்று தெரிந்துவிடும். பிறகு வருஷவாரியாகப் பாதரசத்தை அளக்க வேண்டியதுதான். தண்ணீர் மாதிரி யாருமே எடுத்து வைக்காத வருஷங்களுக்கும் இப்படிக் கணக்கு எழுத முடிந்தது.

செய்முறை நமக்குப் புதிதல்ல. மேலே ஒட்டிய சிறு பாசிகளைச் சுரண்டி, கழுவி, அடுப்பில் உலர்த்தி, பொடித்து, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, அட்டாமிக் அப்சார்ப்ஷன் கருவியில் பார்ப்பது. உலர்ந்த எடை கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று விடை வரும். பாதரசம் ஆவியாகும் என்பதால் சூடு கூடக்கூடாது. அந்தக் கருவி நம்ம லேபில் இல்லை. உலர்த்திப் பொடிப்பதையாவது பழகலாமே என்று லீவில் அம்மாவின் இரும்புக் கத்தியால் தாழை அறுத்து வந்தேன். சார் ஒரே கேள்வி கேட்டார்: "எதை வச்சுப்பா அறுத்தே?" சொன்னேன். "அப்ப இரும்பை அளக்கவே வேண்டாம், போ!" என்று சிரித்தார். பிளாஸ்டிக் கத்தி, அகேட் கல்வம் எல்லாம் எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்னொன்று. செம்பும் துத்தநாகமும் செடிக்கே கொஞ்சம் தேவை. இருந்தாலே மாசு என்று குதிக்கக் கூடாது. சுத்தமான இடத்தில் வளர்ந்த அதே இனத்தை, அதே மாதத்தில், அதே பாகத்தை எடுத்து ஒப்பிட வேண்டும். வேகமாக வளரும் பருவத்தில் உடம்பு பெருப்பதால் உலோகத்தின் அளவு குறைவாகக் காட்டும். அது கடல் சுத்தமானதால் அல்ல.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "ஏய்யா, அப்ப நம்ம கடல்ல இருக்கா, இல்லையா?" என்று கேட்டார். நாம் திங்கிற மீனும் அங்கேதானே மேய்கிறது! ஒரு இடத்துத் தாழையை வைத்துச் சொல்ல முடியாது, பல இடத்தில் எடுக்கணும் என்றேன்.

"எங்கெங்கேன்னு சொல்லு. நான் முங்கி எடுத்துத் தாரேன். கத்தி வேண்டாம், கையாலயே பிடுங்குறேன்" என்றார்.