முற்றத்தில் ஒரு ஹெரால்டு

1961 முதல் சென்னையில் உருவான வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. தந்தையார் விட்டுச்சென்ற அத்தகைய வண்டி நாகபுரியில் எங்கள் முற்றத்தில் நெடுநாள் துருவேறிக் கிடந்தது. பழைய இரும்பாக எடைபோட ஆள் வந்தபோது மனம் ஒப்பவில்லை. நாங்களே செப்பனிடத் துணிந்தோம்.

பானெட், முன் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்புறம் சாய்ந்து திறப்பதால், 948 சி.சி. எஞ்சின் முழுதும் கைக்கெட்டியது. உடற்பகுதி தனிச் சேஸிஸின்மீது போல்ட்டுகளால் பொருத்தப்பட்டது. அதைக் கழற்றியபின்தான் சேஸிஸைத் துரு அரித்திருப்பது தெரிந்தது. வண்ணப்பூச்சை ஒத்திவைத்து, முதலில் சேஸிஸைப் பற்றவைக்கச் செய்தோம். அடுத்து பிரேக்கைப் புதுப்பித்தோம். வண்டி ஓடினால் போதுமா? நிற்கவும் வேண்டுமே!

எஞ்சின் உயிர்பெற்ற அன்று அன்னையார் முன் இருக்கையில், தம் பழைய இடத்தில், ஒன்றும் பேசாது அமர்ந்தார். அன்பர்களே, பழம்பொருளை விலைபேசுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்.